கிளியும் கிலியும்

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது நாங்கள் நாக்பூரில் வாழ்ந்தோம். திருநெல்வேலியில் இருந்த ஆச்சி தொலைபேசியில் ஊர்க்கதைகளைச் சொல்வார். தாமிரபரணிக் கரையில் நின்ற மருத மரத்தையும் அதில் வந்து அடையும் கிளிகளையும் பற்றி அவர் சொன்ன கதையை 12 படங்களாக வரைந்தேன். ஒவ்வொரு படத்தின் மேலும் கதையைத் தமிழில் எழுதினேன். கோடை விடுமுறைக்கு வரும் ஆச்சிக்கு அதனை நூலாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

படங்களை எல்லாம் கைக்கணினியில் 'கிரிட்டா' என்னும் செயலியைக் கொண்டு வரைந்திருந்தேன். அது கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்; மேசைக் கணினியிலும் இயங்கும். ஒருநாள் கைக்கணினியின் திரையில் கோடுகள் தோன்றின. அது முற்றிலும் பழுதாகும் முன் படங்களை அப்பாவின் கணினிக்கு மாற்ற முனைந்தேன். எல்லாவற்றையும் பி.என்.ஜி. படங்களாகச் சேமித்து, வடத்தின் வழியே மாற்றினேன். பன்னிரண்டும் பளிச்சென வந்து சேர்ந்தன. மகிழ்ச்சியில் கைக்கணினியில் இருந்த மூலக்கோப்புகளை அழிக்கப் போனேன். "ஆச்சி பார்க்கும்வரை இருக்கட்டும்" என்று அம்மா தடுத்தார்.

ஆச்சி வந்தார், பெரிய திரையில் படங்களைப் பார்த்தார். மூன்றாம் படத்தில் அவர் முகத்தில் குறும்பு தோன்றியது.

"ஏன் தாயி, மரத்துல இருந்தது கிளியா, கிலியா?"

'மரத்தில் கிலி இருந்தது' என்று எழுதியிருந்தேன். கிலி என்றால் அச்சம் அல்லவா! வீடே சிரித்தது. "ஆத்தங்கரைக் கல்மண்டபத்தையும் விட்டுட்டியே" என்றார் ஆச்சி.

உடனே திருத்த அமர்ந்தேன், முடியவில்லை. கிரிட்டாவில் வானம் ஓர் அடுக்கு, மரம் ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றவை அவை. பி.என்.ஜி. படத்திலோ அவை அனைத்தும் ஒரே தாளாக ஒட்டிவிடும். எழுத்தை அழித்தால் அதன் பின்னால் இருந்த இலைகளும் அழிந்தன. நான் கொண்டுவந்தது படத்தின் தோற்றத்தை மட்டுமே என்பது அப்போதுதான் புரிந்தது.

அம்மா காத்துத் தந்த மூலக்கோப்புகளை மறுநாள் மாற்றினேன். கே.ஆர்.ஏ. என முடியும் அக்கோப்புகளில் அடுக்குகள் அனைத்தும் இருந்தன. ஆனால் எழுத்துகளின் வடிவம் மாறியிருந்தது. நான் பயன்படுத்திய எழுத்துரு அப்பாவின் கணினியில் இல்லை. அதனை நிறுவியதும் எழுத்துகள் பழைய வடிவம் பெற்றன. அடுத்து, மண்டபத்தை வரைய நானே உருவாக்கிய கல்தூரிகை வேண்டியிருந்தது. தூரிகைகள் படக்கோப்போடு வருவதில்லை. அவற்றைக் கைக்கணினியில் ஒரு தொகுப்பாகக் கட்டி, கணினியில் இறக்கினேன்.

ஒன்றை மட்டும் மாற்ற இயலவில்லை. கைக்கணினியின் எழுதுகோலுக்குப் பழகிய என் கை, கணினியோடு இணைத்த புதிய எழுதுகோலில் அழுத்தியபோது கோடுகள் தடித்தன. அழுத்த அளவு கருவிக்குக் கருவி வேறுபடும். ஆகவே பலமுறை கோடுகள் இழுத்துப் பார்த்து அதனைப் புதிதாக அமைத்தேன்.

பின்னர் 12 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். பென் டிரைவில் ஒரு நகலும் வைத்தேன். மண்டபத்தை வரைய ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. எழுத்தைத் திருத்த ஒரு நொடியே போதுமானதாக இருந்தது: 'லி' இருந்த இடத்தில் 'ளி'.

அச்சிட்ட நூலை ஆச்சி மடியில் வைத்து உரக்கப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, நாவை மடித்து, "கிளி" என்று அழுத்திச் சொல்லி என்னைப் பார்த்தார். நானும் நாவை மடித்துச் சொன்னேன்.