வாலில் கொம்புள்ள புழு

எங்களூரில் இந்த வர்க்கத்துக்கு இரண்டே இரண்டு பெயர்கள்தான். உடம்பில் மயிர் இருந்தால் மசுக்குட்டி, இல்லையென்றால் புழு. இரண்டிலும் அடங்காத ஒன்று கண்ணில் பட்டால் செருப்படிதான்.

சென்ற மாரியில் அப்படியொன்று பாடசாலை வளவில், நந்தியாவட்டைக் கிளையில் அகப்பட்டது. மூன்று அங்குல நீளம், விரற்பருமன், பச்சை உடல். பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் வெண்புள்ளிகளும். வாலில் மஞ்சளாய் ஒரு குட்டைக் கொம்பு. ஈர்க்கினால் தொட்டபோது தலையை உள்ளிழுத்துக்கொண்டது. கழுத்துப்புறத்தில் இரண்டு நீலக் கண்கள் விழித்தன. பிள்ளைகள் நாலடி பின்வாங்கினார்கள்.

"கொம்பால கொத்தும் சேர், ஆள் மௌத்தாப் போகும்" என்றான் ஒருவன். மூத்தாப்பா சொன்னாராம்.

அவனுடைய பயத்தை நான் பரிகசிக்கவில்லை. முருங்கை மசுக்குட்டியின் மயிர் பட்டுக் கழுத்தெல்லாம் தடித்த பிள்ளைக்கு எல்லாப் புழுவும் ஒன்றுதான்.

தெரியாத புழுவை அறிவதற்கு அது தின்னும் செடியை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான புழுக்கள் கண்டதையும் தின்பதில்லை. தேசியில் இருப்பது வேறு, எருக்கலையில் இருப்பது வேறு. நந்தியாவட்டையையும் அலரியையும் தின்று, வாலில் கொம்பும் கழுத்தில் நீலக் கண்ணும் கொண்டதென்றால் தேடல் சுருங்கிவிடுகிறது: டாப்னிஸ் நேரியை. 1758இல் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே அலரி இருக்கிறது. நேரியம் என்பது அலரி. ஆடு வாய் வைத்தால் செத்துப்போகும் இலை இதற்கு அன்னம்.

கொம்பு கொத்தாது. நீலக் கண்கள் குருவிகளை வெருட்டப் போட்ட வேஷம். மெய்யான கண்கள் தலையின் இருபுறமும் கடுகிலும் சிறிய புள்ளிகளாக இருக்கின்றன. எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரில் அல்குர்ஆனில் அத்தியாயங்கள் உண்டு. ஓதுகிறோம், முற்றத்தில் கண்டால் மிதிக்கிறோம்.

சப்பாத்துப் பெட்டியில் மண்ணும் சருகும் பரப்பி வகுப்பறையில் வைத்தோம். இலை கொண்டுவரும் வேலையை அந்தப் பயந்த பையனே கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் பச்சை மங்கிப் பழுப்பேறியது. இலையைத் தொடாமல் பெட்டி முழுக்க அலைந்தது. "மௌத்தாகப் போகுது சேர்" என்று கண் கலங்கினான். சருகுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் காலத்தில் இது இப்படித்தான் நிறம் மாறும் என்று சொன்னேன். முழுதாக நம்பினதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் எல்லாருக்கும் முன் வந்து மூடியைத் திறந்து பார்த்தான்.

இரண்டு கிழமையும் சில நாட்களும் கழித்து, மூடியின் உட்புறத்தில் ஓர் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. கரும்பச்சையும் இளம்பச்சையும் கலந்த சிறகு. இடையிடையே வெள்ளையும் இளஞ்சிவப்பும். நந்தியாவட்டையில் கொண்டுபோய் விட்டோம். பகலெல்லாம் அசையாமல் இருந்தது. மறுநாள் காலை காணவில்லை.

அலரிப் பூச்சி என்று கரும்பலகையில் எழுதினேன். யுத்தம் 2009இல் முடிந்தது. இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களோ அந்தச் சிறகைப் பார்த்தது முதல் ஆமிப் பூச்சி என்றே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.