உதிர்ந்த கூந்தல்

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி குடற்காய்ச்சலில் பல நாள் கிடந்து எழுந்தாள். உடல் தேறியது, பசி மீண்டது, பள்ளிக்கும் செல்லத் தொடங்கினாள். காய்ச்சல் தணிந்து மூன்று திங்கள் ஆனபின், ஒருநாட் காலையில் தாய் அவளுக்குத் தலைவாரும்போது சீப்பு நிறைய மயிர் வந்தது. மறுநாளும் வந்தது. தலையணையிலும், குளித்த இடத்திலும், பாடநூலின் ஏடுகளுக்கு இடையிலும் மயிரே கிடந்தது. உதிர்ந்த ஒவ்வொன்றின் அடியிலும் வெண்மையான சிறு முளை ஒன்று இருந்தது. அதனைக் கண்ட தாய், "ஐயோ, வேரோடு போகிறதே!" என்று கலங்கினாள். இடுப்பளவு நீண்ட பின்னல் சில கிழமைகளில் எலிவாலாய் மெலிந்தது. சிறுமி பள்ளிக்குச் செல்ல மறுத்தாள். நோய்க்குக்கூட அவ்வளவு அஞ்சாத குடும்பம் மயிருக்கு அஞ்சியது. சந்தையில் மூலிகைத் தைலம் விற்பவன் கேட்ட விலையைக் கொடுத்துத் தாய் ஒரு புட்டி வாங்கி வந்தாள்.

தாயின் அச்சம் இயல்பானதே. ஆயினும், மயிர் இன்னதென்று அறிந்திருந்தால் அவ்வளவு கலங்கியிரார். மயிர் என்னும் சொல்லையே இக்காலத்தார் இழிவழக்கென்று கருதிச் சொல்லக் கூசுகின்றனர். தொன்மையான நல்ல சொல் அது. பொருளைப்போலவே சொல்லும் காரணமின்றிப் பழிக்கப்பட்டது.

தலைக்குமேல் காணப்படும் மயிர் முழுவதும் உயிரற்ற பொருளாகும். அதில் குருதி ஓடுவதில்லை, நரம்பும் இல்லை. ஆதலின் வெட்டினால் வலிப்பதில்லை. பற்றி இழுத்தால் வலிக்கின்றதே எனின், வலிப்பது மயிரன்று. அது பதிந்திருக்கும் தோல். தோலினுள் சிறு குழிபோன்ற பை ஒன்று உண்டு. அதுவே மயிர்க்கால். அதன் அடிப்பகுதி வெங்காயம்போலப் பருத்திருக்கும். அங்கே நுண்ணிய குருதிக் குழாய்கள் வந்து உணவு தருகின்றன. அவ்வுணவை உண்டு உயிரணுக்கள் இடையறாது பெருகுகின்றன. புதியன பிறக்கப் பிறக்கப் பழையன மேலே தள்ளப்படுகின்றன. மேலேறும்போதே அவை கெராட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, கடினமுற்று, இறந்துவிடுகின்றன. மெலனின் என்னும் நிறப்பொருளும் அவ்வடியிலேயே சேர்க்கப்படுகின்றது. அது சேர்வது நின்றால் பின்னர் வளரும் மயிர் நரையாக வரும்.

தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. அவை அனைத்தும் குழந்தை கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன; பிறந்தபின் ஒன்றேனும் கூடுவதில்லை. மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்று நம்புவோர் பலர். 1928-ஆம் ஆண்டில் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர், மழித்தபின் வளரும் மயிரை ஆராய்ந்து, மழிப்பதால் அது பருப்பதோ விரைந்து வளர்வதோ இல்லை என்று காட்டினார். மழித்த மயிரின் நுனி, கூர்மை இழந்து மொட்டையாய் இருத்தலால் தடித்ததுபோலத் தோன்றுகின்றது. அவ்வளவே.

மயிர் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால் அதன் அமைப்பு வியப்பூட்டும். மேற்புறத்தில் செதில்கள், கூரையில் வேய்ந்த ஓடுகளைப்போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். இதனை அறியக் கருவியும் வேண்டா. நீண்ட மயிரொன்றை இரு விரல்களால் பற்றி, அடியிலிருந்து நுனிக்கு உருவினால் வழவழக்கும். நுனியிலிருந்து அடிக்கு உருவினால் சொரசொரக்கும். செதில்களுக்கு உள்ளே நார்கள் நிறைந்த புறணி உண்டு. மயிரின் வலிமை அதனிடமே இருக்கின்றது. நடுவில் ஒரு தண்டும் உண்டு. மெல்லிய மயிர்களில் அது இராமலும் போகும்.

மயிரும் நகமும் மாட்டின் கொம்பும் குளம்பும் ஆட்டின் உரோமமும் கெராட்டினால் ஆனவையே. அப்புரதத்தில் கந்தகம் மிகுதி. மயிர் தீயில் பொசுங்கும்போது எழும் தீநாற்றத்திற்கு அதுவும் ஒரு காரணம். நீண்ட புரதச் சங்கிலிகளை, ஏணியின் இரு கால்களைப் படிகள் பிணைப்பதுபோல, கந்தகப் பிணைப்புகள் இறுகப் பிணைத்துள்ளன. இவற்றோடு வலிமை குன்றிய வேறு பிணைப்புகளும் உண்டு. அவை நீர் பட்டவுடன் விடுபடும். உலர்ந்தபின் மீண்டும் கூடும். ஈரக் கூந்தல் எளிதில் நீள்வதும், ஈரத்தில் சுற்றிவைத்த மயிர் உலர்ந்தபின் சுருண்டு நிற்பதும் இதனாலேயே. நனைத்தால் அச்சுருள் மறையும். மறையாத சுருள் வேண்டுவோர் மருந்திட்டுக் கந்தகப் பிணைப்புகளையே அறுத்து, வேண்டிய வடிவில் மீண்டும் பிணைக்கச் செய்கின்றனர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்பவர் 1930-களில் கம்பளி உரோமத்தையும் மயிரையும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, இழுக்கும்போது அவற்றின் உள்ளமைப்பு மாறுவதைக் கண்டார். அச்சங்கிலி சுருள்வில்லைப்போல் சுருண்டிருக்கின்றது என்பதை 1951-இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் துணைவர்களும் விளக்கினர். புரதங்களைப் பற்றிய பேரறிவுக்கு ஒரு மயிரிழையும் வழிகாட்டிற்று.

மயிர்க்காலை அடுத்து நெய்ச்சுரப்பி ஒன்று இருந்து, மயிருக்கும் தோலுக்கும் பசை தருகின்றது. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்று பாண்டியன் ஐயுற்றதும், நக்கீரர் இல்லையென வழக்காடியதும் திருவிளையாடற் கதை. கெராட்டினுக்கு மணமில்லை, அவ்வளவில் நக்கீரர் கூற்று பொருந்தும். ஆயின் நெய்ப்பசையும் வியர்வையும் அவற்றில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து தலைக்கென ஒரு வாசனையைத் தருகின்றன. அது பாண்டியன் எண்ணிய நறுமணமா என்பது வேறு வழக்கு.

இனி, சிறுமியின் கூந்தலுக்கு வருவோம். தாய் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவ அம்மையார் உதிர்ந்த மயிரொன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "அம்மா, இந்த வெண்முளை வேரன்று, உதிரும் காலம் வந்த மயிரின் காம்பு. வேர் தோலினுள் நலமாகவே இருக்கின்றது. பழுத்த இலை விழுந்தால் மரம் பட்டுவிட்டது என்று அழுவீர்களா?" என்றார்.

அவர் கூறியது உண்மை. மயிர்க்கால் 2 முதல் 6 ஆண்டுகள் வரை இடைவிடாது மயிரை வளர்க்கும். பின்னர் இரண்டு மூன்று கிழமைகளில் தொழிலை ஒடுக்கும். அதன்பின் ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்திருக்கும். ஓய்வின் முடிவில் பழைய மயிர் உதிர, அவ்விடத்திலேயே புதியது முளைக்கும். திங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே மயிர் வளர்கின்றது. ஆதலின் 60 சென்டிமீட்டர்ப் பின்னலின் நுனி, பத்தாம் வகுப்புச் சிறுமி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தோலைவிட்டு வெளிவந்ததாகும். புருவத்தின் வளர்ச்சிக்காலம் சில திங்களே. அதனால் அதனைப் பின்னலிட முடிவதில்லை!

நலமுள்ள தலையில் பத்தில் ஒரு பங்கு மயிர்க்கால்கள் ஓய்விலிருக்கும். ஓர் இலட்சத்தில் அது பதினாயிரம். அவை நூறு நாட்களில் உதிர்வதாகக் கொண்டால் நாளொன்றுக்கு நூறு மயிர் ஆகும். இவ்வளவும் இயல்பே. கடுங்காய்ச்சலோ மகப்பேறோ உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த கால்கள் பல ஒருங்கே ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று திங்கள் கழித்து அவை அனைத்தும் மயிரை ஒருசேர விடுகின்றன. காய்ச்சலை மறந்த வேளையில் மயிர் உதிர்வதால், மக்கள் நீரையோ சீயக்காயையோ பழிக்கின்றனர். இந்நிகழ்ச்சியை 1961-இல் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் தெளிவாக விளக்கினார்.

எண்ணெயால் பயனே இல்லை என்பதன்று. தேங்காயெண்ணெய் மயிரினுள் ஊடுருவி, கழுவும்போது அதன் புரதம் கரைந்து போவதைக் குறைக்கின்றது என்று இந்திய ஆய்வாளர் இருவர் 2003-இல் வெளியிட்டனர். இருக்கும் மயிரைக் காப்பது வேறு. ஓய்ந்த மயிர்க்காலை எழுப்புவது வேறு. மருத்துவ அம்மையார் பருப்பும் கீரையும் முட்டையும் உண்ணுமாறு கூறினார். வேறு மருந்து எதுவும் தரவில்லை. தாய்க்கு அது சிறிது ஏமாற்றமே.

அதற்குப்பின் தாய் வீட்டில் வழக்கமாகப் புழங்கும் தேங்காயெண்ணெயையே தடவிவந்தாள். சந்தைத் தைலம் மாடத்திற்குச் சென்றது. உதிர்வு மெல்லக் குறைந்தது. ஆறு திங்கள் கழிந்தபின், நெற்றியோரத்தில் விரல் நீளத்துக்கு இளமயிர் கருகருவென்று அரும்பிப் பின்னலுக்குள் அடங்காமல் நின்றது. அடுத்த திருவிழாச் சந்தையில் தைலம் விற்பவன் அவளைக் கண்டுகொண்டான். "பாருங்கள், இந்தப் பாப்பாவின் தலையை! எல்லாம் நம் தைலம் செய்த வேலை!" என்று அங்கு நின்றோர்க்கெல்லாம் சுட்டிக் காட்டினான். இருவர் உடனே ஆளுக்கொரு புட்டி வாங்கினர். சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள். வீட்டு மாடத்தில் இருந்த புட்டியில் தைலம் முக்காற்பங்கு அப்படியே இருந்தது.