கம்ப்ரசரைக் கொன்றது யார்?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



"கவிதை மட்டும் குடுத்துடாதடா. ஏற்கெனவே காதல் கவிதை கட்டுக்கட்டா வந்து கிடக்கு. டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள. டெக்னிக்கலாக எழுத நான் ஒன்றும் மேதை அல்ல. ஆனால் என் மாமாவின் பணத்தில் நான் செய்த ஒரு தப்பு, முழுக்க முழுக்க டெக்னிக்கல் தப்பு! அதையே எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்துத் துப்பறியும் கதை என்று வந்தவர்களுக்கும் ஏமாற்றம் இருக்காது. இதில் இரண்டு கொலைகள் இருக்கின்றன.

பெருங்களத்தூரில் இருக்கும் என் தாய்மாமாவிடம் 2005 மாடல் மாருதி 800 ஒன்று உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாட்டிக்கு வாரம் இரண்டு நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். முடித்துவிட்டு வரும்போது பாட்டிக்கு வெயில் கொஞ்சமும் ஆகாது, தலை சுற்றும். ஏ.சி. வண்டி வேண்டும் என்றுதான் மாமா அதை வாங்கினார்.

போன கத்திரி வெயிலில் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நத்தை போல நகர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று பானெட்டுக்குள்ளிருந்து 'கிரீச்' என்று ஒரு அலறல். ரப்பர் கருகும் நாற்றம். இன்ஜின் திணறி நிற்கப் போனது.

"ஏ.சி.யை ஆஃப் பண்ணுங்க மாமா!" என்று கத்தினேன். அணைத்ததும் அலறல் நின்றது. கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் பாக்கி இருந்தது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியையும் எடுத்த பிறகு பானெட்டைத் திறந்தேன்.

இங்கே ஒரு சின்னப் பாடம். கம்ப்ரசரின் முன்னால் பெல்ட் ஓடும் புல்லி இருக்கிறது. அது இன்ஜினோடு எப்போதும் சுற்றும். அதன் நடுவே உள்ள தட்டுதான் கம்ப்ரசரின் ஷாஃப்டோடு சேர்ந்தது. ஏ.சி. போட்டால் காந்தக் கிளட்ச் இரண்டையும் ஒட்ட வைக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது அந்த நடுத்தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சுற்றினால் கம்ப்ரசர் உயிரோடு இருக்கிறது. அசையவே இல்லை என்றால் உள்ளே ஜாம். தட்டு சுற்றுகிறது, பெல்ட்டைக் கழற்றினால் புல்லி மட்டும் கரகரக்கிறது என்றால் போனது வெறும் பேரிங். அது சின்னச் செலவு. இது தெரியாமல் பேரிங் போன வண்டிக்கெல்லாம் கம்ப்ரசரையே மாற்றுகிறவர்கள் உண்டு.

எங்கள் வண்டியில் சூடு ஆறிய பிறகும் தட்டு இம்மியும் அசையவில்லை. சூட்டில் புல்லி பேரிங்கும் போயிருந்தது. நல்லவேளை, 800-ல் ஏ.சி.க்குத் தனி பெல்ட். அதைக் கழற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். எல்லா வண்டியிலும் இப்படிச் செய்ய முடியாது. சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்ஜின் கொதித்து, கம்ப்ரசர் செலவோடு இன்ஜின் செலவும் சேரும். அங்கே கட்டி இழுப்பதுதான் வழி.

"பரவாயில்லையே மாப்ள, படிச்ச படிப்பு வீண் போகல!" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தைதான் என் தலைக்கு ஏறியது.

"மெக்கானிக் வேணாம் மாமா. நானே மாத்தறேன். புதுசு வாங்கினா செலவு ஜாஸ்தி. புதுப்பேட்டைல பழசு கிடைக்கும்" என்றேன். மாமா நாலாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். "இன்னாப்பா வேணும்?" என்ற கடைக்காரரிடம் பேரம் பேசி, ஜாம் ஆன பழசைக் கொடுத்துவிட்டு, கையால் சுற்றிப் பார்த்து ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டினேன். தெரிந்த பையன் ஒருவன் கேஸ் அடித்தான். ஜில்லென்று காற்று வந்தது! பாட்டி என் கன்னத்தைத் தடவி, "என் ராசா" என்றாள்.

சரியாக மூன்றே வாரம். பாட்டியை அழைத்து வரும்போது மறுபடி அதே அலறல், அதே நாற்றம். இரண்டாவதும் ஜாம்! பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடு கண்ணு, நான் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வேறு வழியில்லாமல் சேலையூர் பக்கம் கார் ஏ.சி. வேலை செய்யும் ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மொத கம்ப்ரசர் எங்க தம்பி?"

"புதுப்பேட்டையிலேயே குடுத்துட்டேன் பாய்."

"அதான் தப்பு. போஸ்ட்மார்ட்டம் பண்ணாமலே பொணத்தை எரிச்சுட்ட."

இரண்டாவது கம்ப்ரசரைக் கழற்றி, உள்ளிருந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றினார். மை மாதிரி கறுப்பு. வெயிலில் காட்டியபோது ஜிகினாத் தூள் போல மின்னியது. முதல் கம்ப்ரசர் சாகும்போது அரைபட்ட உலோகத் துகள்! அது பைப்பிலும் கண்டென்சரிலும் தங்கியிருந்து, நான் மாட்டிய கம்ப்ரசருக்குள் போய் அதையும் அரைத்துத் தள்ளிவிட்டது. நான் பைப்பை ஃப்ளஷ் பண்ணவில்லை. டிரையரை மாற்றவில்லை. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

நண்பர்களே, ஏ.சி. பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான். கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்ரேட்டர் என்று நான்கு பெட்டிகளைத் தூக்கத்தில்கூடப் போடுவேன். அந்த டயகிராமில் ஆயில் எங்கே இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இன்ஜினுக்கு ஆயில் பம்ப் இருக்கிறது, டிப் ஸ்டிக் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. 800 போன்ற வண்டியின் ஏ.சி. கம்ப்ரசருக்கு அந்த மூன்றும் இல்லை. ஆயில், கேஸோடு கலந்து ஊர் சுற்றிவிட்டுக் கம்ப்ரசருக்குத் திரும்பி வர வேண்டும். கேஸ் குறைந்தால் ஆயிலும் சரியாகத் திரும்பாது. கேஸ் லீக் ஆனால் அதோடு ஆயிலும் கசியும். அதனால்தான் லீக் உள்ள ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும்.

பாய் டார்ச் அடித்துக் காட்டினார். கண்டென்சர் பைப் ஜாயிண்டில் அதே பிசுக்கு. ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. பத்து ரூபாய் சமாசாரம்! முன்பு வைத்திருந்தவரும் சரி, மாமாவும் சரி, வருஷா வருஷம் வெயில் வந்தால் கேஸ் மட்டும் அடித்திருக்கிறார்கள். லீக்கை யாரும் தேடவில்லை, ஆயில் விடவில்லை. போதாததற்கு, கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை ஓட விடாமல் தடுக்கும் பிரஷர் சுவிட்ச்சை யாரோ ஒரு வயர் துண்டால் 'டைரக்ட்' பண்ணி வைத்திருந்தார்கள். காவல்காரனின் வாயைக் கட்டிவிட்ட மாதிரி.

ஆக, முதல் கொலையைச் செய்தது லீக். உடந்தை அந்த வயர் துண்டு. இரண்டாவது கொலையைச் செய்தது... அடியேன்.

இந்த 'கேஸ் ஏன் லீக் ஆகிறது' என்ற கேள்வி லேசுப்பட்டதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்த வீ. ராமநாதன், படிப்பு முடிந்ததும் செகந்தராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்தார். கேஸ் லீக்கைத் தடுப்பதுதான் அங்கே அவருக்குக் கொடுத்த வேலை. பிறகு அமெரிக்கா போய் விஞ்ஞானி ஆன அவர் 1975-ல், அந்தக் காலத்து சி.எஃப்.சி. கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவானது என்று கண்டுபிடித்துச் சொன்னார். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, கார்களில் ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் 1 கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நான் முதல் கம்ப்ரசரைக் கழற்றியபோது பைப்பைத் தளர்த்தி, மிச்சமிருந்த கேஸை 'புஸ்' என்று காற்றில் விட்டவன். பாய் அப்படி விடவில்லை, மெஷின் வைத்து இழுத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கென்று உள்ள ஃப்ளஷிங் திரவத்தை விட்டுப் பைப்பையும் எவாப்ரேட்டரையும் கழுவி, நைட்ரஜனால் ஊதினார். "பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் விடக்கூடாது தம்பி." கண்டென்சரின் நுண்குழாய்களில் சிக்கிய துகள் முழுசாக வராது என்று அதை மாற்றினார். டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, ஓ-ரிங்குகள் எல்லாம் புதுசு. பி.ஏ.ஜி. ஆயிலை அளந்து ஊற்றினார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் டப்பாவை உடனே மூடினார். வயர் துண்டைப் பிடுங்கி எறிந்து சுவிட்ச்சை மாட்டினார். முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டார். வேக்கத்தில் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும், இல்லாவிட்டால் உள்ளே ஆசிட் உண்டாகும். பம்பை நிறுத்திய பிறகும் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தார். கடைசியில்தான் கேஸ், அதுவும் எடை போட்டு.

அன்று இரவு மாமாவிடம் போய், "ரெண்டாவது கம்ப்ரசர் போனது என் தப்பு மாமா" என்று சொல்லிவிட்டேன். புதுப்பேட்டைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல வாய் வரவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரீட்சைல தப்பு பண்ணா உன் மார்க்கு போகும். வண்டில தப்பு பண்ணா அடுத்தவன் காசு போகும். ஞாபகம் வெச்சுக்க" என்றார். அவ்வளவுதான். அந்த நாலாயிரத்தை அடைக்க நான் பாயின் ஷெட்டில் சனி, ஞாயிறுகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். கடன் தீர்ந்த பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களே, நாளைக்கு நம் கையை நம்பி யாரோ ஒருவர் சாவியைக் கொடுப்பார். செத்துப்போன பாகத்தை மாற்றுவதற்கு முன்னால், அது ஏன் செத்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை புதுசை மாட்டாதீர்கள்.

பாட்டி இப்போது இரும்புலியூர் வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். ஜன்னல் மூடியே இருக்கிறது.