தந்தமும் சந்தனமும்

இல்லத்தின் உட்சுவருக்கு எந்நிறம் பூசுவது என்பது சிறு வினாவாகத் தோன்றும். ஆயினும், நாற்புறமும் நம்மைச் சூழ்ந்து நிற்பது சுவரே ஆதலின், அதனை எளிதென ஒதுக்குதற்கில்லை. எம் இல்லத்தில் தந்த நிறமும் சந்தன நிறமும் போட்டிக்கு வந்தன. இரண்டும் வெண்மையில் மஞ்சளின் மென்மை கலந்தவை, கண்ணை உறுத்தாதவை. பிள்ளைகள் சந்தனத்தை விரும்பினர். முதுமையுற்ற எம் தாயாரோ, "எனக்கு எழுத்துத் தெரிந்தால் போதும்" என்றார்.

அச்சொல்லே எம்மை ஆராயத் தூண்டிற்று. வண்ணம் திருப்பித் தரும் ஒளியை, முழுக்கருமைக்கு 0 என்றும் தூய வெண்மைக்கு 100 என்றும் கொண்டு அளப்பர். தந்தத்தில் வெண்மை மிகுதியாதலின் அவ்வளவும் மிகுதி. சந்தனமோ ஒளியின் நீலக்கூற்றைக் கூடுதலாக உட்கொண்டு எஞ்சியதையே தருகிறது. அதன் இதமும் அதனால் வந்ததே. அது அறையைச் சற்று மங்கச் செய்வதும் அதனாலேயே.

விளக்கும் நிறத்தை மாற்றும். 6500 கெல்வின் வெண்ணொளியில் சந்தனம் சற்றே வெளிறும். 2700 கெல்வின் மஞ்சளொளியில் தந்தமே சந்தனமாகத் தோன்றும். அருகிலுள்ள நிறமும் கண்ணை மயக்கும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரேல் 1839-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். ஆகவே நிற அட்டையின் சிறு கட்டத்தை நம்பாது, ஈரடிச் சதுரத்தில் இருமுறை பூசி, உலர்ந்தபின் காலை, நண்பகல், இரவு என முப்பொழுதும் பார்த்தோம்.

பகலிலும் விளக்கை நாடும் உள்ளறையில் சந்தனம் சோர்ந்தது, தந்தம் தெளிந்தது. அகன்ற சாளரங்களையுடைய கூடத்திலோ தந்தம் நண்பகலில் கூசியது. சந்தனம் அமைதி தந்தது. முதுமையில் கண்வில்லை மஞ்சள் படர்ந்து, உட்புகும் ஒளியைக் குறைக்கும். இளையோர்க்குப் போதுமான வெளிச்சம் முதியோர்க்குப் போதாது. எனவே தாயாரின் உள்ளறைக்குத் தந்தமும் கூடத்திற்குச் சந்தனமும் பூசினோம்.

தமிழில் 'நிறம்' என்னும் சொல்லுக்கு வண்ணம் என்பதோடு ஒளி என்ற பொருளும் உண்டு. இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிய நம் முன்னோரின் நுண்மையை வியக்கிறோம். வண்ணம் தேரும் அன்பர்கள், எது அழகு என வினவுமுன், அவ்வறையின் ஒளி எத்தகையது, அங்கு வாழ்வோரின் கண் எத்தகையது என வினவுவாராக. வீட்டில் மூத்தோர் இருப்பின் அவர்தம் கண்ணுக்கே முதலிடம் தருதல் முறையாகும்.