சார்ஜாவில் ஒரு பழைய விமானநிலையம்

வளைகுடா வழியாக ஊருக்குப் போய்வரும் எங்கள் குடும்பங்களுக்கு துபாயின் உயர்ந்த கட்டடங்களும் தங்கக் கடைகளும் நன்றாகத் தெரியும். பக்கத்திலே சார்ஜாவில் அல் மஹத்தா என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் கிடைத்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இங்கே பிரஜாவுரிமை கிடைத்தும் ஊருக்குப் போக எனக்கு இன்னும் மனம் துணியவில்லை. அக்காவும் அத்தானும் சார்ஜாவில் வேலை. அவர்கள் அப்பாவை அங்கே கூப்பிட்டார்கள், நானும் போனேன். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு சந்திப்பு. முதல் இரண்டு நாளும் "சாப்பிட்டியோ, அங்கை சரியான குளிரோ" என்பதற்கு மேல் கதை வரவில்லை. மூன்றாம் நாள் அத்தான்தான் எங்கள் இரண்டு பேரையும் அங்கே இறக்கிவிட்டார்.

லண்டனிலிருந்து இந்தியா போகும் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இறங்கித் தங்குவதற்காக 1932 இல் உண்டான நிலையம் அது. அந்த வருடம் ஒக்ரோபர் 5 ஆம் திகதி 'ஹன்னோ' என்ற விமானம் முதலில் வந்தது. பயணிகள் இரவு தங்க கோட்டை போல ஒரு விடுதி. 1977 இல் புதிய விமானநிலையம் வந்ததும் இது மூடப்பட்டது. ஓடுபாதை இருந்த இடத்தில் இன்று மன்னர் அப்துல் அஸீஸ் தெரு. 2000 ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

உள்ளே அவ்ரோ அன்சன், டீ ஹவிலண்ட் டவ், டிசி-3 என்று பழைய விமானங்கள் நிற்கின்றன. அப்பா பெயர்ப்பலகை ஒன்றும் வாசிக்கவில்லை. டவ்வின் எஞ்சினுக்குக் கீழே குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஒரு சொட்டும் இல்லை. உள்ளுக்கு ஒயில் இல்லைப் போல."

எங்கள் தோட்டத்து இறைப்பு மெசினையும் இப்படித்தான் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாசித்திருந்ததைச் சொன்னேன். டவ்வின் ஜிப்சி குயின் எஞ்சினில் ஆறு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்குகின்றன. சும்மா நின்றால் ஒயில் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கும், ஸ்டார்ட் பண்ணும்போது புகைக்கும். டிசி-3 இல் வட்டமாக அடுக்கிய பதினான்கு சிலிண்டர். கீழே உள்ளவற்றில் ஒயில் தேங்கினால்தான் ஆபத்து. ஒயில் நசியாது, அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். அதனால் முதலில் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இறுகினால் பலவந்தம் பண்ணாமல் கீழ்ப் பிளக்கைக் கழற்றி வடியவிடுவார்கள்.

"ஒழுகினால் எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டார். பிறகு தானே பதில் சொன்னார். "சொட்டுற இடத்திலை தேடக்கூடாது தம்பி. ஒயில் கீழை ஓடும், காத்து அதைப் பின்னுக்குத் தள்ளும். வடிவாத் துடைச்சு, பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார். முதல் நனையிற இடம்தான் இடம்."

அப்போதுதான் நான் அக்காவுக்கும் சொல்லாத விசயத்தைச் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு கியர்பொக்ஸ் மாதக்கணக்காக ஒழுகுகிறது. போர்மன் "இறுக்கு, இறுக்கு" என்றார். இறுக்கினேன், புரி அறுந்தது. குற்றம் என் தலையில். எச்சரிக்கைக் கடிதமும் தந்துவிட்டார்கள். மொழி தெரியாதவன் என்ன வாதாடுவது?

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மூச்சுவிடுற ஓட்டை பார்த்தியோ? அது அடைச்சால் உள்ளுக்குக் காத்து முட்டும். எல்லாப் பொருத்தாலும் ஒயிலைத் தள்ளும். நீ எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது."

அருங்காட்சியகம் பூட்டும்வரை நாங்கள் வெளியே வரவில்லை. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றியும் அந்த டிசி-3 இன் சில்லுப் பக்கத்தில் நின்றுதான் எனக்குச் சொன்னார்.

திரும்பி வந்து திங்கட்கிழமை அந்தச் சிறிய மூடியைக் கழற்றினேன். தூசியும் கிரீசும் கல்லாக இறுகிக் கிடந்தன. கழுவிப் பூட்டி, இடைவேளையில் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப நிண்டிட்டுதோ?"

"ஓம் அப்பா."

"ரெண்டு நாள் பார். காஸ்கெற்றும் காய்ஞ்சிருக்கும்."