ஏந்திய கை

தொழுகையும் துஆவும் ஒன்றே என்று பிற சமயத்து நண்பர்கள் பலர் எண்ணியிருக்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் உபாத்தியாயர்களுக்கு இதை விளக்கிச் சொல்லும் சந்தர்ப்பம் நமக்குப் பலமுறை நேர்ந்ததுண்டு. தொழுகைக்குக் காலமும் உண்டு, கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு ஐந்து வேளை. கடமையான ரக்அத்துகள் 17. ஓதுவது அரபு மொழியில். துஆவோ அடியான் ஆண்டவனிடம் இறைஞ்சிக் கேட்பது. அதற்கு வேளையும் இல்லை, பாஷைக் கட்டுப்பாடும் இல்லை. ஆயினும் இரண்டையும் அடியோடு பிரித்துவிட முடியாது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதப்படும் அல்ஹம்து சூராவே நேர்வழி காட்டும்படி வேண்டும் ஒரு துஆவன்றோ?

உண்ணும்போதும் உறங்கும்போதும் பிரயாணம் புறப்படும்போதும் துஆ உண்டு. ஒருவர் தும்மினால் அவர் இறைவனைப் புகழ்கிறார். கேட்டவர் அவருக்காக அருள் வேண்டுகிறார். தும்மியவர் பதிலுக்கு இவருக்காக நேர்வழி வேண்டுகிறார். ஒரு தும்மலுக்கு இவ்வளவு உபசாரம்! மழை பொய்த்தாலோ, திடலில் கூடித் தொழுது, நிலைமை மாறவேண்டுமென்பதற்கு அடையாளமாக இமாம் தம் மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். தமிழ் முஸ்லிம்கள் துஆவைப் பாட்டாகவும் ஆக்கிக்கொண்டார்கள். முனாஜாத்து என்று அதற்குப் பெயர்.

எழுத்தறியாத நம் தாயாருக்கு அவற்றில் சில மனப்பாடம். மஃரிபு தொழுதபின் அவற்றை முணுமுணுத்துவிட்டு, சொந்த வார்த்தைகளில் ஒரு நீண்ட ஜாபிதா போடுவார்: பசுவின் மடிநோய், அடுத்த வீட்டுப் பெண்ணின் பிரசவம், தீராத கடன். பட்டம் பெற்று வந்த நமக்கு அதைக் கேட்கச் சற்று நாணமாகவே இருந்தது. நாமோ உச்சரிப்புப் பிசகாத அரபு துஆக்களாகத் தேடி மனனம் செய்தோம்.

இழுப்பு நோயால் அவர் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், ஓரிரவு அருகில் அமர்ந்து வெகுநேரம் துஆ ஓதி, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"இவ்வளவு நேரம் கையேந்தினியே, என்ன வாப்பா கேட்டே?" என்றார்.

"இம்மையிலும் மறுமையிலும் நன்மை கேட்டேன், உம்மா."

"உம்மாவுக்கு மூச்சு நல்லா வரணும்னு கேட்டியா?"

நாம் கேட்கவில்லை. மீண்டும் கையேந்தித் தமிழிலேயே கேட்டோம். தொண்டை அடைத்தது. பத்து வார்த்தைகள்கூட வரவில்லை.

"ஆமீன்" என்றார். சற்றுப் பொறுத்து, "பசுவுக்கும் கேளு" என்றார்.

அதற்கும் கேட்டோம்.