பையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். புதிது வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் ராமையும் விலையையும் பற்றியே பேசுவார்கள். நான் அளவைத்தான் முதலில் பேசுவேன். ராமையும் எஸ்எஸ்டியையும் பல மெஷின்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். திரையும் எடையும் வாங்கிய அன்றோடு முடிந்த கதை.

“அண்ணே, 15.6 இன்ச்சே பாருங்க, பெருசா இருக்கும்” என்றார் ஒரு கல்லூரித் தம்பி.

“தினமும் எதுல போறீங்க தம்பி?”

“தாம்பரத்துல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல.”

ஸ்கேலை எடுத்து 15.6 இன்ச், 14 இன்ச் என இரண்டு திரைகளையும் அளந்து காட்டினேன். இன்ச் என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. வழக்கமான 15.6 இன்ச் திரை 16:9 விகிதம், உயரம் சுமார் 19.4 செ.மீ. இப்போது வரும் 14 இன்ச் திரைகளில் பல 16:10. அவற்றின் உயரம் 18.8 செ.மீ. எழுதவும் படிக்கவும் வேண்டியது உயரம்தான், வரிகள் கீழ்நோக்கித்தானே போகின்றன! அங்கே வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர். அதற்காகக் கூட்ட நேர ரயிலில் முந்நூறு, நானூறு கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டுமா? விகிதம் பார்க்காமல் பழைய 16:9-இல் 14 இன்ச் எடுத்தால் உயரம் 17.4-க்கு இறங்கிவிடும். அது எனக்குப் போதாது.

சின்னது வேகம் குறையுமே என்பார்கள். அதை முடிவு செய்வது இன்ச் அல்ல, சூடு. பின்மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும். சிலதில் ஒரே ஃபேன், பென்சிலைவிட மெல்லிய ஒரு செம்புக் குழாய். சிலதில் இரண்டு ஃபேன், அகலமான குழாய்கள். பிராசஸர் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். முதல் சில நிமிடம் இரண்டும் ஒரே மாதிரி ஓடும். பிறகு மெலிந்த மெஷின் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சென்னையின் மே மாதத்தில் இன்னும் சீக்கிரமாக. அதனால் ஒரேயடியாக மெலிந்ததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அவற்றில் ராம் போர்டோடு பற்றவைத்து வருவதும் உண்டு. அப்படியானால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுவது நல்லது.

டேலியில் நாள் முழுக்க எண் அடிக்கிறவருக்கு நம்பர் பேட் உள்ள 15.6தான் சரி. வீடியோ எடிட்டிங் செய்கிறவர் 16 இன்ச்சுக்கே போகட்டும். ஆனால் அந்த வகை மெஷின்கள் சிலவற்றில் சார்ஜர் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்கும். மற்றவர்களுக்கு, வீட்டில் ஒரு 24 இன்ச் மானிட்டர், பையில் ஒன்றரை கிலோவுக்குள் ஒரு 14 இன்ச். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் பையையும் கொண்டுபோங்கள். டெமோ மெஷினைச் சார்ஜரோடு உள்ளே வைத்து, தோளில் மாட்டி, பத்து நிமிடம் நின்று பாருங்கள். அதன்பிறகு விலையைப் பேசுங்கள்.